வியாழக்கிழமைத் தாள்

புந்தா அரேனாசில் காற்றுக்கு
ஆள் பார்க்கத் தெரியாது.
தபால்காரரைத் தள்ளும், பாதிரியாரையும் தள்ளும்.
நடப்பவர் பிடித்துக்கொள்ள
தெருவோரம் கயிறு கட்டியிருக்கிறது நகராட்சி.
அந்தக் கயிற்றை ஒரு கையால் பற்றி
ஆட்கள் நிற்கிறார்கள்
எதுவிகெஸ் பார்ரியாவின்
வாஷிங் மெஷின் பழுதுக்கடை வாசலில்,
படிக்க.

பக்கத்துக் கடை என்னுடையது. சாவி வெட்டுகிறேன்.
ஆகவே தொடக்கத்திலிருந்தே தெரியும்:
கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு தாள்,
கண்ணாடிக்கு உள்பக்கம், மூலைக்கு ஒரு டேப்,
நீல மை, ஒன்றையொன்று இடிக்கும் எழுத்து.

'இந்த வாரம் பம்பில் அகப்பட்டவை:
நூறு பேசோ நாணயம் இரண்டு,
தூண்டில் முள் ஒன்று,
பால்பல் ஒன்று.
பல்லுக்குரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.'

ஆறு வாரம் யாரும் நிற்கவில்லை.
ஒரு நாய் நின்றது.
எதிர்ப்பக்கம் பெரிய கடையில்
ஆளுயரத் தள்ளுபடிப் பலகை
இரவெல்லாம் சிவப்பாய் எரிந்தது.

ஏழாவது வியாழன் அவள் எழுதினாள்:
'நாற்றம் அடித்தால் என்னைக் கூப்பிட வேண்டாம்.
கீழே வலப்பக்க மூடியைத் திருகுங்கள்.
ஃபில்டரைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.
செலவு இல்லை.'

எனக்குப் பொறுக்கவில்லை.
'கைவேலையைச் சந்தியில் கொட்டிவிட்டு
அடுப்பில் எதை ஏற்றுவாய்?'
கையிலிருந்த கிரீஸைத் துடைக்காமலே சொன்னாள்:
'ஃபில்டர் கழுவ மலையேறிப் போனால்
பெட்ரோலுக்கே காணாது, ஓயர்சூன்.
கழுவியும் நாறினால்
யார் ஞாபகம் வரும்?'

வந்தது.
ஒரு பெண், கையில் அந்தப் பல்துலக்கியோடு,
'நாற்றம் போய்விட்டது, சத்தம் போகவில்லை.'
பேரிங்.
பிறகு படகில் வேலை செய்யும் பையன்
தாளைப் படமெடுத்துப் போய்
நீரிணைக்கு அப்பால் யாரிடமோ காட்ட,
போர்வெனிரில் ஒரு விடுதி
நான்கு மெஷின்களைக் கப்பலேற்றி அனுப்பியது.
என் கடை வாசலையும் அடைத்துக்கொண்டு
அவை இரண்டு நாள் நின்றன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூனில், பகல் ஒரு கைப்பிடிக்குச் சுருங்கிய வாரம்,
இப்படி ஒரு தாள்:
'மிலாதினிச் வீட்டில் சர்க்யூட் போர்டை மாற்றினேன்.
மாற்றியிருக்கக் கூடாது. பழுது போர்டில் இல்லை,
எலி கடித்த ஒயரில்.
அறுபத்தெட்டாயிரம் பேசோ திருப்பித் தருகிறேன்.
தவறு என்னுடையது. எலிக்கும் பங்குண்டு.'

'கிழித்துப் போடு,' என்றேன்.
தன் தலையில் தானே மண் வாரிப் போடும்
யானையைக்கூட இந்த ஊரில் பார்க்க முடியாது,
இவளைப் பார்க்கலாம்.

மறுநாள் மிலாதினிச் வந்தார்.
படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
மறுபடி படித்தார். உள்ளே போனார்.
காது கொடுப்பதற்காக
என் மெஷினை நிறுத்தினேன்.
கூச்சல் இல்லை.
அடுத்த வாரம் அவர் தங்கையின் டிரையர் வந்தது.
அதற்கடுத்த வாரம் மச்சானின் குளிர்பெட்டி;
குளிர்பெட்டி பார்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினாள்,
யார் பார்ப்பார் என்று எழுதியும் கொடுத்தாள்.

ஆகஸ்டில் மூன்று நாள் பனி.
அந்த வியாழன் தாளில் ஒன்றரை வரி:
'இந்த வாரம் எதுவும் உடையவில்லை.
மாத்தே குடித்தேன்.'
இதையா ஒட்டுவது என்று நினைத்தேன்.

பதினோரு பேர் நின்று படித்தார்கள். எண்ணினேன்.
கடைசியாக மிலாதினிச்,
தொப்பியிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு
என் கடைக்குள் நுழைந்து
தாழ்ந்த குரலில் கேட்டார்:
'அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?'
நன்றாகத்தான் இருக்கிறாள் என்றேன்.
சும்மா திரும்ப அவருக்குக் கூச்சம்.
வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.
ஒரு நகல், இல்லை, இரண்டாகப் போடுங்கள்.

அன்று மாலை
என் கடைக் கண்ணாடியைத் துடைத்தேன்,
உள்பக்கம்.