நூறில் ஒரு பங்கு

மண்டபம் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை எனக்கு.
அமோனியாவைத் தெருமுனையிலேயே பிடிக்கிற மூக்கு
பசையின் ஆவியிடம் ஏமாந்துபோனது.
ஜன்னலைத் திறந்தால் கச்சான் காற்று
ஒரு ராத்திரி அறுத்த தூண்களை
மீன்முள்ளாய் வாரிக்கொண்டு போகிறது.
சாத்தினால் கண் எரிகிறது.
கடைசியில் ஈரச்சாக்கைப் பாதிக்குத் தொங்கவிட்டேன்.

நூறு மீட்டர் ஜெட்டி
என் மேசையில் ஒரு மீட்டர்.
இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடி,
கத்தியை உடம்பைவிட்டு வெளியே ஓட்டு என்று
சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.
அதை வாசித்துக்கொண்டேதான் விரலை வெட்டிக்கொண்டேன்.

ஒரே சொட்டு, தளத்தின் விளிம்பில்.
அளவுப்படி பார்த்தால்
அரை மீட்டருக்கு மேல் அகலமான குட்டை.
அதன் கரையில் நிற்கிறான் ஜெர்சன்,
வயரை முறுக்கிச் செய்த ஆள்,
பதினேழு மில்லிமீட்டர்,
தலையில் கூடை,
காலடியில் வழுக்கல்.

துடைத்தேன். விரலுக்குக் கட்டுப் போட்டேன்.
கூரையும் படகும் அப்புறம்.
ஈர்க்கை நறுக்கி
முதலில் அவனுக்குக் கைப்பிடி வைத்தேன்,
பதினொரு மில்லி உயரம்.
இடுப்புக்கு வருகிறதா?
கன்னத்தை மேசையில் வைத்து
அவன் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தேன்.