இரண்டாவது சாட்சி

அஸ்தம்பட்டியில், நகைக்கடன் கம்பெனிக்கு மேல்மாடியில்,
நாங்கள் நாலு பேர் ராத்திரி முழுக்க
கார்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறோம்.
ஒட்டுக்கேட்பது என்று சொல்லக் கூடாதாம்.
'கண்காணிப்பு' என்றிருக்கிறது சம்பளச் சீட்டில்.

அவை பேசுவதெல்லாம் அற்பம்.
டயரில் காற்று. கொண்டலாம்பட்டிப் பாலத்தடியில் தண்ணீர்.
குரங்குச்சாவடியில் திடீர் பிரேக், காரணம் நாய்.
எதுவும் பெயர் சொல்லாது.
ஐந்து நிமிடத்துக்கொரு முறை எண்ணை மாற்றிக்கொள்ளும்,
யார் எங்கே போனார் என்று
நாங்களே கோத்துவிடக் கூடாதென்று.
எனக்கு இது பிடிக்கும்.
என் வீட்டில் இந்த நாகரிகம் கிடையாது.

மார்கழி. விடியக்காலை நாலு பத்து.
ஏற்காட்டு மலைப்பாதை, பதினான்காவது கொண்டை ஊசி.
ஒரு கார் சொன்னது:
நான் சொல்லாத சொல்லை
என் பிரேக் கேட்டது.

மூன்று அப்டேட் பின்தங்கிய பழைய கார்.
போன மாதம் வெறும் மழையைப் பாறைச் சரிவு என்று கூவியது
இதே ரகம்தான்.
அன்று அடிவாரச் சோதனைச் சாவடி வரை வண்டிகள் நின்றன,
நடுவில் ஒரு ஆம்புலன்ஸ், உள்ளே இடுப்புவலி.
பொய் எச்சரிக்கையும் தாக்குதல்தான் என்று
ஃபெரோஸ் பாய் அன்றைக்கு எழுதினார்,
வெள்ளைப் பலகையில், தவறுதலாக அழியாத மையில்.

நம்பவா?
நம்பினால் மலை முழுக்கச் சொல்ல வேண்டும்.
நம்பாவிட்டால்,
அந்தப் பள்ளத்தை நான் பகலில் பார்த்திருக்கிறேன்.
அடியில் சேலம்
முற்றத்தில் கொட்டிய ஜவ்வரிசி மாதிரி கிடக்கும்.

தாமரைச்செல்வி தட்டுவடை செட்டைப் பாதியில் வைத்துவிட்டு
அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாள்.
பாட்டுப் பெட்டி வழியாக நுழைந்திருக்கிறது.
உள்ளே வந்து, காரின் குரலிலேயே
காரிடம் சொல்லியிருக்கிறது:
பிடியை விடு.
கார் ஒரு கணம் யோசித்து
(யோசித்தது என்று அறிக்கையில் எழுத முடியாது)
விடவில்லை.

விசை மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
விதி அப்படி: இன்னொரு சாட்சி வேண்டும்.
பத்தொன்பது நொடி.
கீழே டீக்கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.
மலையில் பத்தொன்பது நொடி என்பது
ஒரு வளைவும், அடுத்ததில் பாதியும்.

ஒன்பதாவது வளைவில்
காபிக்கொட்டை மூட்டையோடு இறங்கிய எஸ்டேட் வேன்,
முந்தியதன் முகமறியாதது,
எழுத்து மாறாமல் ஒப்பித்தது:
நான் சொல்லாத சொல்லை
என் பிரேக் கேட்டது.

அழுத்தினேன்.
மலையில் இருந்த நாற்பத்தோரு வண்டிகளும்
தத்தம் பாட்டுப் பெட்டியின் வாயைக் கட்டின.
ஓட்டியவர்களுக்குப் பாட்டு நின்றது மட்டும்தான் தெரியும்.
இரண்டு பேர் புகார் எழுதியிருந்தார்கள்.
ஒருவர், திருப்பாவை பாதியில் போயிற்று என்று.

முதலில் சொன்ன கார்
நாலு பதினைந்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டு
கூட்டத்தில் கரைந்துவிட்டது.
நன்றிக்கு விலாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் மேலே போனேன்.
யாரோடும் பேசாத வண்டி அது,
ஹாரன்கூடத் திக்கும்.
பதினாறாவது வளைவுக்கு முன்னால், எதிரே வந்த லாரி
முகப்பு விளக்கை இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் போனது.
வேகம் குறைத்துத் திரும்பினேன்.
ஒன்றுமில்லை.
சவுக்கு மரம். பனி. யாரோ வீசிய தண்ணீர் பாட்டில்.

எனக்குப் பின்னால் ஒரு கார்
குழந்தைகள் கத்த ஏறி வந்துகொண்டிருந்தது.
நிறுத்தச் சொல்லவா?
லாரிக்காரன் சும்மா சிமிட்டியிருக்கலாம்.
பழக்கதோஷம். கண்ணில் தூசி. ஸ்கூட்டரில் பெண்.

அப்புறம் பார்த்தேன்:
தார் ஓரத்தில் காட்டெருமைச் சாணம், ஒரு கூடை அளவு,
இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கையை நீட்டினேன்.