இயக்க விகிதம்

நூறு வெள்ளி வந்தால்
தொண்ணூற்றேழு போய்விடுகிறது:
மின்சாரம், சக்கரம், சம்பளம்.
சம்பளத்தில் நானும் ஒரு பொட்டு.

குறைந்தால்தான் பாராட்டு என்கிற
விசித்திர மதிப்பெண் இது.
"தொண்ணூற்றாறாக்குங்கள், எழிலரசி," என்றார் குவெக்.
பின்னிரவு ரயில்களை எடுத்துப் பார்த்தேன்.
கட்டம் பச்சையானது.

பதினொன்று ஐம்பது. பொங்கோல் போகும் ரயில்,
மாலையில் நான் எடுத்துவிட்ட அதே ரயில்.
பெட்டியில் இரண்டே பேர்.
எதிரே காலணி கழற்றி உறங்குகிறவர்,
மடியில் துப்புரவுச் சீருடை.
அவர் தட்டிய ஒன்றரை வெள்ளி
இந்தக் குளிருக்கே காணாது.
நானோ ஊழியர் அட்டை,
அதுவும் இல்லை.

செங்காங்கில் தோளைத் தொட்டு எழுப்பினேன்.
"எப்படித் தெரியும்?" என்றார், கதவுக்கு ஓடியபடி.

மூன்று வாரமாக
அவரைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.