கணினி பதினாறு என்றது

மூன்று மழைக்காலம்
படிவக் கட்டோடு இந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறேன்.
நாற்பத்திரண்டு கேள்விகள்.
வலி எடுத்த நேரம், கிளம்பிய நேரம்,
ஆஸ்பத்திரி வாசல் தெரிந்த நேரம்.
குழந்தை அழுததா என்பது பத்தொன்பதாவது.
அந்த இடத்தில் மட்டும்
பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்கப் பழகியிருந்தேன்.

இன்று முடிவுகளைத் திருப்பித் தரும் நாள்.
லிலாங்வேயிலிருந்து டாக்டர் ம்வாலே வந்திருந்தார்.
காரிலேயே புரொஜெக்டரும் வந்தது.
மின்சாரம்தான் வரவில்லை.
சுவரில் விழவேண்டிய நீலக் கம்பங்களை
மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.
முன்வரிசை எட்டிப் பார்த்தது.
பின்வரிசை முன்வரிசையின் தலையைப் பார்த்தது.

ஃபலேசி கை தூக்கவில்லை, நேரே கேட்டாள்:
"இதில் என்னுடையது எது?"

கம்பத்துக்குள் ஒருவரைத் தனியே காட்ட முடியாது
என்றார் டாக்டர்.
அதைச் செவா மொழியில் எப்படிச் சொல்வதென்று
நான் விழித்துக்கொண்டிருக்கையில்
பாவாடைமேல் சுற்றியிருந்த சித்தேஞ்சேயை அவிழ்த்து
அவள் தரையில் விரித்துவிட்டாள்.

எனெலெசி தலைத்துணியை முறுக்கிப் போட்டாள்; அது ஆறு.
தீப்பெட்டி சர்ச்.
உடைந்த செங்கல் பள்ளிக்கூடம்.
தாய்க்குச் சிவப்பு பீன்ஸ் விதை; அவை இரண்டு.
முதல் மாதம் தாண்டாத பிள்ளைக்கு வெள்ளைச் சோளம்.
அவரவர் எழுந்து வந்து வைத்தார்கள்.
எஸினாத்தி இரண்டு வைத்தாள்,
இரட்டையென்பதால் ஒட்டி வைத்தாள்.
ஃபலேசியுடையது படகுத்துறையில்.
கூலிக்கு இரண்டாயிரம் குவாச்சா குறைந்த இரவு,
படகுக்காரன் விடியட்டும் என்றானாம்.
எங்கள் படிவத்தில் அவளுக்கு
'தூரம்: ஒன்பது கிலோமீட்டர்'.
துறையில் மட்டும் ஆறு சோளம்,
கோழிக்கு இறைத்ததுபோல் கிடந்தன.
டாக்டர் கணினியை மூடாமலே
குந்தி உட்கார்ந்தார்.

எண்ணினோம்.
கணினி பதினாறு என்றது.
துணியில் பதினேழு.

எனெலெசி சத்தமாக மறுபடி எண்ணினாள்.
பதினேழு.

கூடுதலாய் வந்தது துறையில் இல்லை, பாதையில் இல்லை.
செங்கல்லுக்குப் பின்னால்,
கரையான் புற்று இருக்கிற பக்கம்,
வீடே இல்லாத இடத்தில்.
"கை தவறி விழுந்திருக்கும்,"
எடுக்கப் போனார் டாக்டர்.
ஃபலேசியின் உள்ளங்கை அதன்மேல் கவிழ்ந்தது.
"விழுந்ததில்லை. வைத்தது."

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கதவோரம், தம்பியை இடுப்பில் இடுக்கியபடி
பள்ளிச் சீருடையில் ஒருத்தி
விரல் நுனிகளைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே நின்றாள்,
சோளத்தில் சாயம் ஒட்டும் என்பதுபோல.

அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன்.
ஒருமுறையல்ல, மூன்று வருடமும்.
அவளெதிரே படிவத்தோடு உட்கார்ந்ததில்லை.
முதல் கேள்வி: கணவர் பெயர்.

அவள் பெயர் எனக்குத் தெரியும்.
இங்கேயும் எழுதப் போவதில்லை.

படகுக் கூலிக்கென்று மாதம் ஆளுக்கு இருநூறு குவாச்சா,
ஃபலேசியின் சர்க்கரை டப்பாவில் சேர்ப்பதாக முடிவானது.
படகுக்காரனின் தங்கைதான் முதல் காசு போட்டாள்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
அடுத்த கூட்டத்துக்கு வழக்கம்போல் சர்ச் என்றார்கள்.
"வேண்டாம்," என்றாள் எனெலெசி.
"பள்ளிக்கூடத்து அடிபம்பு. கடைசி மணி அடித்தபின்.
புத்தகப் பையோடு வருகிறவர்களும்
குடத்தை வைத்துவிட்டு உட்காரலாமே."
கதவோரம் இப்போது யாருமில்லை.

துணியை உதறுமுன்
விதைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள் ஃபலேசி.
காசோடு சேர்ந்து அவை குலுங்கின.

திரும்பும் வழியெல்லாம் பள்ளம்.
"அறிக்கையில் எந்த எண்?" என்றார் டாக்டர்
கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்தபடி.
மடியில் படிவத்தை விரித்து
கார் குலுங்கக் குலுங்க, கோணல்மாணலாக
முதல் கேள்வியை
அடித்துக்கொண்டிருந்தேன்.