இருபத்தாறு நிமிடம்

கால்ல வலி என்கிறான்.
சீட்டில் வேறு எழுதியிருக்கிறது.
காலில் எங்கே என்றால்
விரல் தொடைவரை வந்து
அங்கேயே நின்றுவிடுகிறது.
கவட்டையா, என்று நான்தான் சொன்னேன்.
காது மடல் சிவந்தது.
வந்ததிலிருந்து
சுவர்க் காலண்டரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

சர்வேஷ் போஜன், பத்தொன்பது,
நெடுகுளா அணியின் வலது விங்.

சாவி, மொபைல், வெள்ளி அரைஞாண்,
எல்லாம் தட்டில்.
வேற இரும்பு?
இல்லக்கா.
கதவுவரை போய்த் திரும்பி வந்தான்.
நிக்கரில் எலாஸ்டிக் போய்விட்டதாம்,
உள்ளே ஒரு ஊக்கு.
அதையும் வாங்கிக்கொண்டு
நாடா வைத்த ஆஸ்பத்திரிக் கால்சட்டை கொடுத்தேன்.

வெளியே ஊட்டி, ஜனவரி.
யாரோ கார் கண்ணாடியில்
உறைபனியைச் சுரண்டுகிறார்கள்.
உள்ளே காந்தத்துக்கென்று தனிக் குளிர்.
இரண்டு கம்பளி போர்த்தி
இடுப்பின்மேல் காயிலைக் கட்டி
கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தேன்,
பயம் வந்தால் அமுக்கு.
பந்து என்றதும்தான்
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

இருபத்தாறு நிமிடம் அசையக் கூடாது.
மூச்சு விடலாம். அவ்வளவுதான்.

தட் தட் தட்.
பிறகு ரம்பம்.
பிறகு தகரக் கூரைமேல் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
கொழுப்பை அணைத்துவிட்டு எடுக்கும் படத்தில்
நீர் மட்டும்தான் வெளிச்சம்.
எலும்பு இருட்டு, தசை சாம்பல்,
எங்கே கிழிந்ததோ அங்கே வெள்ளை.
காலை ஆறரைக்குக் கேத்தியைப்
பஸ்ஸில் கடப்பவர்களுக்குத் தெரியும்,
மேடெல்லாம் கறுத்து நிற்க
பள்ளத்தில் மட்டும் தேங்கிக் கிடக்கும்
அந்த வெள்ளை.

வலது தொடையின் உள்தசை
இடுப்பெலும்பை விட்டு இறங்கியிருக்கிறது.
அளந்தேன்.
பதினெட்டு மில்லிமீட்டர்.
என் கட்டைவிரலின் அகலம்கூட இல்லை.

அதோடு நின்றிருக்கலாம்.
இடது பக்கமும் வெளுத்திருக்கிறது,
இன்னும் கிழியவில்லை.
நடு எலும்பில் இரண்டு பக்கமும் ஈரம்.
நேற்றைய ஈரமில்லை.
மழைக்காலம் முழுக்க
யாரிடமும் சொல்லாமல் ஓடியிருக்கிறான்.

எங்கள் ஊர் மைதானங்கள் எனக்கும் தெரியும்.
ஒரு கோல் மேட்டில்
ஒரு கோல் பள்ளத்தில்.
பந்து தேயிலைக்குள் உருண்டால்
கவாத்து வெட்டிய குச்சிகளுக்கு மேலே
அகட்டி அகட்டிக் கால்வைத்து
இறங்கித்தான் எடுக்க வேண்டும்.
விங்கில் ஆடுபவனுக்குத்தான் தேயிலை பக்கம்.

அக்கா, ஏதாவது தெரியுதா?
ஸ்பீக்கரில் அவன் குரல்.
பேசாதே, படம் கலங்கும்.

படங்கள் கோவைக்குப் போகும்.
டாக்டர் மெஹருன்னிசா பார்த்து எழுதுவார்.
எடுப்பவள் வாய் திறக்கக் கூடாது.
பதினோரு வருடத்தில் நான் திறந்ததில்லை.
கட்டியைப் பார்த்துவிட்டு வந்து
சாப்பிட்டீங்களா என்று
கேட்டிருக்கிறேன்.

மேஜை வெளியே வந்தது.
ஞாயித்துக்கிழம அரவேனுல ஃபைனல்,
என்றான் கூரையிடம்.
காயிலின் பட்டைகளை
தேவைக்கு மேல் நேரமெடுத்து அவிழ்த்தேன்.
ஒருக்களிச்சுத் திரும்பி, கையை ஊன்றி எழு,
ரெண்டு காலையும் அகட்டாதே, என்றேன்.
எல்லோருக்கும் சொல்வதுதான்.

இல்லை.
எல்லோருக்கும் சொல்வதில்லை.

உடை மாற்றிக்கொண்டு
நிக்கரை ஒரு கையால் பிடித்தபடி
கதவுவரை போனவன் நின்றான்.
இடதுலயுமா?

அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டேன்.

மதியம்தான் தட்டில் ஊக்கைப் பார்த்தேன்.
காந்த அறை வாசலில் ஒரு சிவப்புக் கோடு உண்டு.
இரும்போடு அதைத் தாண்டக் கூடாது.
தாண்டவில்லை.
கோட்டின்மேல் நின்றேன்.
மூடிய கைக்குள்
அது மெதுவாக
ஒரு பக்கமாய்த் திரும்பியது.