அறுபது நிமிட நாடா

ஐந்து பேர். வெள்ளைச் சட்டை, பித்தான் போடவில்லை.
நார்த் பியர் என்று பெயர். அது ஊரா, பாலமா
எனக்குத் தெரியாது.
குன்னூர் மவுண்ட் ரோட்டில் என் கடைக்கு
மூல நாடா வந்தது ஒன்றே ஒன்று.
தொண்ணூற்றாறு ஜூலை, நல்ல மழை,
வெலிங்டனிலிருந்து ஒரு மேஜர் மகள் கொண்டுவந்து
தோழிக்குப் பதிந்து தரச் சொன்னாள்.
தோழிக்கு ஒன்று எடுத்தேன். எனக்கு ஒன்று எடுத்தேன்.
பிறகு எனக்கு எடுத்ததிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு.

நர்சிங் படித்த பிலோமினா வாங்கினாள்.
கொலக்கம்பையிலிருந்து மினி பஸ்ஸில் வந்து
ஹசீனா இரண்டாக வாங்கினாள்,
ஒன்று தேய்ந்தால் இன்னொன்று.
ஆலையில் இலை நிறுக்கும் பையன்
அக்காவுக்கு என்று சொல்லி வாங்கினான்.
ஐவரில் யாரைக் கட்டிக்கொள்வது என்று
கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கை ஊன்றிச் சண்டை நடக்கும்.
நெவிலை யாரும் கேட்டதில்லை.
ஓரத்தில் நிற்பான். காது பெரிது.
மற்ற நால்வர் மேலே ஏறும்போது
கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளும் குரல்.

இரண்டாம் நாடாவில் முடியின் நிறம் மாறியது,
நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்தது.
மூன்றாவதில் நால்வர்.
அப்புறம் 'தேர்ந்தெடுத்த பாடல்கள்' வந்தது.
எங்கள் தொழிலில் அதற்குக் கருமாதிப் பத்திரிகை என்று பெயர்.
நானும் கடையை மூடி, ரீசார்ஜ் கார்டு விற்று, அதுவும் போய்
ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறேன்.

இந்த டிசம்பர் முப்பத்தொன்று,
மேல் குன்னூரில் ஓர் ஓட்டல், புத்தாண்டு விருந்து.
'நார்த் பியர் புகழ்' என்று பேனர்.
காரிலிருந்து முதலில் இறங்கியது அந்தக் காதுதான்,
பிறகு மங்கி குல்லா, தொப்பை.

மற்ற நால்வரும் ஒரு பென் டிரைவில் இருந்தார்கள்.
இரண்டு கட்டை இறக்கச் சொல்லி விரலால் காட்டினார்.
இறக்கினேன். இருபது வயதுப் பையன்கள் நால்வருக்கும்
சளி பிடித்துக்கொண்டது.
பத்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிப் பிடிக்க நாற்பது நொடி.
மைக் இல்லை, நால்வர் இல்லை.
அவர் நிறுத்தவில்லை. தன் பங்கை மட்டும் பாடினார்.
மெட்டே இல்லாத பாட்டு.
ஏணி மட்டும். ஏறுவோர் இல்லை.
ஒரு மேஜையில் யாரோ சிரித்தார்கள்.
விளக்கு வந்ததும் பென் டிரைவ் முதலிலிருந்து தொடங்கியது.
அவரும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஒன்றரை மணிக்கு, போர்ட்டிகோவில், கேபிள் சுருட்டிக்கொண்டே
தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:
உங்கள் முதல் நாடாவை இருநூற்றுப் பன்னிரண்டு விற்றேன்,
முப்பது ரூபாய் வீதம். உங்களுக்கு ஒரு பைசா தரவில்லை.
கம்பெனியும் தரவில்லை, என்றார்.
கடைசிப் பாட்டு பிடித்ததா இங்கே?
அது ஒன்றுதான் நான் தனியாகப் பாடியது.

எப்படிச் சொல்வது.
தொண்ணூறு நிமிட நாடா விலை அதிகம்,
நான் வாங்கியது அறுபது.
கடைசிப் பாட்டு பாதியில்,
ஒரு சொல்லின் பாதியில், தீர்ந்துபோகும்.
மூலத்தை ஓட்டியபோது இரட்டை வேகம்,
எலி கத்துவது மாதிரி, யார் கேட்டார்கள்.
இந்த மலையில் ஒருவருக்கும் அதன் மீதி தெரியாது.

எந்த இடத்தில், என்றார்.
பாடிக் காட்டினேன். வெட்கப்படவில்லை, குளிர் அப்படி.
அறுந்த இடத்தில் நிறுத்தினேன்.
அடுத்த சொல்லுக்கு அவர் வாய் திறந்தார்.
ஆவி வந்தது.
திரும்பவும் பாடச் சொன்னார். பாடினேன்.
தொடையில் தாளம் தட்டிப் பார்த்தார்.
இல்லை, அதற்கு மேல் எனக்கும், என்று

டிரைவர் போஜன் டிக்கியை அறைந்து சாத்தினான்.
பர்லியாறு கிட்ட மண்ணு சரிஞ்சிருக்கு,
கோத்தகிரி சுத்திப் போகணும், ஏறச் சொல்லுங்க.
ஏறினார். கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார்,
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

என் வாடகை இன்னும் வரவில்லை.
தை பிறக்கட்டும் என்கிறான் ஓட்டல்காரன்.