ஒரு கானாங்கெளுத்தியும் ஒன்பது பேரும்

ஸ்ட்ரோம்னஸ் தேவாலயக் கூடத்தில் ஹீட்டர் இருமுகிறது.
வியாழன், இரண்டு மணி. ஒன்பது பேர், ஒரு கானாங்கெளுத்தி:
பீங்கான் தட்டில், நேற்றைய செய்தித்தாளின் மேல்,
தன்னை வரைவார்கள் என்று எதிர்பாராத முகத்தோடு.

இங்கா ஈரத்தாளில் நீலத்தைத் தொட்டு வைக்கிறாள்.
அது அவள் பேச்சைக் கேட்காமல்
வாலைத் தாண்டி, தட்டைத் தாண்டிப் போகிறது.
“போகட்டும், கடல்னு சொல்லிக்கோ” என்கிறார் டோர்ஃபின்,
முப்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர்.
அவர் மீனுக்கு இன்னும் தலை வரவில்லை.
பேச்சு மும்முரத்தில் தூரிகையைத் தேநீரில் அலசினார்,
பிறகு அதையே குடித்தார்.
யாரும் சொல்லவில்லை. ருசி மாறவில்லை போலும்.

வெள்ளைக்காக நான் டப்பாவைத் துழாவினேன்.
“இதுல கிடையாது” என்றாள் பாடம் நடத்தும் மைரி.
“விட்டுவைத்தால்தான் வெள்ளை.”
எனக்கு விட்டுவைக்க வரவில்லை.
மீனின் வயிற்றை மூன்று முறை பூசி
மழைநாள் ரோடாக்கினேன்.

மூன்றேகாலுக்கே இருட்டிவிட்டது. மீனும் நாறத் தொடங்கியது.
எல்ஸ்பெத் அதைத் தாளோடு சுருட்டிக்கொண்டு போனாள்.
ஓட்ஸில் புரட்டி வறுத்ததை
அடுத்த வியாழன் ஒப்புக்கொண்டாள்.

தட்டு காலி. முடிக்காதவர்கள் ஏழு பேர்.
ஞாபகத்திலிருந்து தீட்டினோம்.
சுவரோரம் காயவைத்துப் பார்த்தால்
எல்லார் மீனும் ஒரு சாண் வளர்ந்திருந்தது.

இங்காவுடையது மட்டும் அதே அளவு.
அதன் கண்ணில்
ஒரு கடுகளவு தாளைத் தொடாமல் விட்டிருந்தாள்.

அது எல்ஸ்பெத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.